பந்தெறி ஆசான்

ஒரு தொழிலைத் தாமே திறம்படச் செய்தல் ஓர் ஆற்றல். அதனைப் பிறர் செய்யுமாறு பழக்குதல் பிறிதோர் ஆற்றல். முன்னையது உடையார் பலர். பின்னையது உடையார் சிலர். இரண்டும் ஒருங்குடையார் மிகச் சிலரே. கைத்திறம் மிக்கார், தம் கை எவ்வாறு இயங்குகின்றது என்பதைத் தாமே அறியாதிருத்தலும் உண்டு. இயல்பாக வந்த திறத்தை ஆராய்ந்து பார்க்கவேண்டிய தேவை அவர்க்கு எழுவதில்லை. இயல்பில் குறைவுடையவரோ, ஒவ்வோர் அடியையும் எண்ணி எண்ணி எடுத்து வைத்தல் வேண்டும். அங்ஙனம் எண்ணிக் கற்றவரே பின்னர்ப் பிறர்க்கு எடுத்து உரைக்கவும் வல்லவர் ஆகின்றார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் முதலில் பந்தெறிவோராகவும், பின்னர்ப் பந்தெறிவோரைப் பழக்கும் பயிற்றுநராகவும் விளங்கிய ஜானி செயின் என்பவர் இத்தகையோர்.

பேஸ்பால் ஆட்டத்தைக் கண்டறியாதார்க்குக் கிரிக்கெட்டைக் கொண்டு அதனை ஒருவாறு விளக்கலாம். இதிலும் ஒருவர் பந்தெறிவார்; மற்றொருவர் மட்டையால் அடிப்பார்; அடித்தவர் ஓடி ஓட்டம் எடுப்பார். ஆயினும் வேறுபாடுகள் பல. கிரிக்கெட்டில் பந்தெறிவோர் ஓடிவந்து, முழங்கையை மடக்காது வீசுவார்; பந்து பெரும்பாலும் தரையில் பட்டு எழும். பேஸ்பாலில் எறிநர் ஒரு சிறு மேட்டின்மேல் நின்ற இடத்தினின்றே கையை மடக்கி விசையுடன் எறிவார். பந்து தரையில் படாமல் நேரே செல்லும். எறிநர் நிற்கும் இடத்திற்கும், மட்டையாளர் அருகே தரையில் பதித்துள்ள தட்டிற்கும் இடையே உள்ள தொலைவு 60 அடி 6 அங்குலம். அத்தட்டின் அகலம் 17 அங்குலம். ஏறத்தாழ மட்டையாளரின் மார்புக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டதாய், தட்டின்மேல் அமைந்த வெளியினூடே பந்து செல்லுதல் வேண்டும். அவ்வெளியிற் சென்ற பந்தை அடியாது விட்டாலும், அடிக்க முயன்று தவறினாலும் அது மட்டையாளர்க்குப் பிழையாகும். மூன்று பிழை நேர்ந்தால் அவர் வெளியேறுவார். எறிநர் அவ்வெளிக்குப் புறத்தே நான்கு பந்துகளை எறிந்து, மட்டையாளரும் அவற்றை அடிக்க முயலாது விட்டாரானால், மட்டையாளர் முதல் தளத்திற்கு உழைப்பின்றியே நடந்து செல்லும் உரிமை பெறுவார்.

ஒரு மணிக்கு 90 மைல் விரைவில் எறிந்த பந்து, மட்டையாளரை அடைவதற்கு ஒரு நொடியின் பத்தில் நான்கு கூறே ஆகும். கண் இமைத்துத் திறப்பதற்குள் பந்து வந்துவிடும் என்னலாம். அதனுள் மட்டையாளர் பந்தின் நெறியை உய்த்துணர்ந்து மட்டையை வீசுதல் வேண்டும். எனவே மிக்க விரைவு உடைய எறிநர்க்கு அதுவே படைக்கலமாகும். விரைவு குறைந்தவர் யாது செய்வார்? அவர் பந்தை வளைத்தல் வேண்டும்.

எறிந்த பந்து காற்றிலே வளைதல் ஒரு வியப்பு. அதன் காரணம் பந்தின் சுழற்சியே. பேஸ்பால் பந்து ஐந்து அவுன்சு அல்லது அதனினும் சற்று மிகுந்த எடையுடையது. இரண்டு தோல் துண்டுகளை 108 இரட்டைத் தையல்களாற் சேர்த்து மூடப்பெற்றது. அத்தையல் பந்தின்மேல் வரம்பு கட்டினாற்போலச் சற்று மேடிட்டிருக்கும். விரல்களை அவ்வரம்பின்மேல் பொருத்தி, எறியும் கணத்தில் மணிக்கட்டைத் திருகினால் பந்து விரைந்து சுழலும். சுழலும் பந்து தன்னைச் சூழ்ந்த காற்றையும் ஒரு பக்கமாக ஒதுக்குகின்றது. காற்று ஒரு பக்கம் ஒதுக்கப்படவே, பந்து அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளப்படுகின்றது. பந்தின் மேற்புறம் மட்டையாளரை நோக்கி உருளுமாறு சுழன்றால், பந்து தன் எடையால் இயல்பாக இறங்குவதினும் மிகுதியாகக் கீழே இறங்கும். அதற்கு மாறாகச் சுழன்றால் இறக்கம் குறையும். மட்டையாளர் கண்ணுக்குப் பந்து மேலெழுவதுபோலவே தோன்றும். 19ஆம் நூற்றாண்டில் இதனை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் மாக்னஸ் என்பவரின் பெயராலேயே அறிவியலார் இதனை மாக்னஸ் விளைவு என்று வழங்குகின்றனர். செயினின் வாழ்க்கை முழுதும் இச்சுழற்சியைச் சுற்றியே அமைந்தது எனலாம்.

அவர் 1917ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 25ஆம் நாள், ஆர்கன்சா மாநிலத்தில் ஹவானா என்னும் சிற்றூரில் பிறந்தார். கியூபா நாட்டின் தலைநகர்ப் பெயரை அச்சிற்றூர் தாங்கியிருப்பினும், பெயரையன்றி வேறு பெருமை அதற்கு அந்நாளில் இல்லை. தந்தையார் மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலாளர். பொறிகளைப் பிரித்துப் பார்த்து, எப்பகுதி எதனை இயக்குகின்றது என்று ஆராயும் வீட்டில் வளர்ந்த பிள்ளை, பின்னாளில் பந்தெறிதலையும் அவ்வாறே பிரித்துப் பார்த்தது பொருத்தமே.

அமெரிக்காவில் தொழில்முறைப் பேஸ்பால் பல படிகளை உடையது. உச்சியில் இருப்பன பெரிய லீக்குகள் இரண்டு. அவற்றின் கீழே சிறிய லீக்குகள் படிப்படியாக அமைந்துள்ளன. செயின் 1936இல் அவற்றுள் மிகத் தாழ்ந்த படியில் தொடங்கினார். உயரமும் உடல்வலியும் இருந்தும், அவரது பந்தில் கண்டார் வியக்கும் விரைவு இல்லை. விரைவு ஒன்றையே தேடித் திரிந்தவர்களின் கண்ணில் அவர் படவில்லை. சிற்றூர்களின் சிறு களங்களில் ஆறாண்டுகள் கழிந்தன. 1942இல்தான் பாஸ்டன் பிரேவ்ஸ் அணி அவரைப் பெரிய லீக்கிற்கு அழைத்தது. அப்பொழுது அவர்க்கு வயது 24. அந்த ஆண்டும் அவர் பெரிதாக ஒன்றும் சாதித்தாரல்லர்.

இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த காலம் அது. செயின் கடற்படையின் வான்பிரிவிற் சேர்ந்து விமானப் பயிற்சி பெற்றார். புகழ்பெற்ற மட்டையாளர் டெட் வில்லியம்ஸ் அவருடன் பயின்றவர். விமானம் எழுவதற்கும் நிற்பதற்கும் காரணமான காற்றியக்கத்தைப் பற்றி அங்கே பாடம் நடந்தது. இறக்கையின்மேல் காற்று எவ்வாறு ஓடுகின்றது என்பதைக் கேட்டபொழுது, தாம் ஆண்டுக்கணக்காகக் கையால் செய்துவந்த ஒன்றன் காரணம் அவர்க்குப் புலனாயிற்று. கை முன்னரே அறிந்ததைக் கருத்துப் பின்னர் அறிந்தது. 1943இல் போர்நிதிக்காக நியூயார்க்கில் நடந்த ஒரு காட்சியாட்டத்தில், ஓய்வு பெற்றிருந்த பேப் ரூத் என்னும் பெருவீரர்க்கு அவர் பந்தெறிந்தார். ரூத்துக்கு அப்பொழுது வயது 48. அவர் அடியாமலே நான்கு பந்துகளை விட்டு முதல் தளத்திற்கு நடந்து சென்றார்.

போர் முடிந்து மீண்ட செயின் புதிய மனிதராக இருந்தார். 1946இல் 20 வெற்றி, 1947இல் 21, 1948இல் 24. ஓர் எறிநர் ஓராண்டில் 20 ஆட்டங்களில் வெற்றிக்கு உரியவராதல் பெரும் பேறாகக் கருதப்படும். 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், புரூக்ளின் நகரில் நடந்த ஆட்டம் அமெரிக்க வரலாற்றிலே இடம்பெற்றது. அரை நூற்றாண்டிற்கும் மேலாகக் கறுப்பினத்தார்க்கு அடைத்து வைத்திருந்த பெரிய லீக்கின் கதவைத் திறந்துகொண்டு ஜாக்கி ராபின்சன் அன்று களம் புகுந்தார். அவர்க்கு முதற் பந்தை எறிந்தவர் செயினே. அம்முதல் முறையில் ராபின்சன் ஆட்டமிழந்தார். ஆயினும் ஆட்டத்தில் வென்றது ராபின்சனின் அணி.

1948இல் செயினும், இடக்கை எறிநர் வாரன் ஸ்பானும் பாஸ்டன் அணியை முதலிடத்திற்குக் கொண்டுசென்றனர். அவ்விருவரும் எறிந்த பின், மற்றையோர் முறை வாராதிருக்க மழை பெய்யட்டும் என்னும் கருத்தமைந்த சிறு பாட்டொன்று அந்நகரச் செய்தித்தாளில் வெளிவந்து நாடெங்கும் பரவிற்று. உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் செயின், அக்காலத்து மிக விரைந்த எறிநருள் ஒருவராகிய பாப் ஃபெல்லரை எதிர்த்தார். ஃபெல்லர் இரண்டே அடிகளுக்கு இடங்கொடுத்தார்; செயின் நான்கு அடிகளுக்கு இடங்கொடுத்தார்; எனினும் ஓட்டம் ஒன்றும் கொடாமல் 1–0 என்னும் கணக்கில் செயினே வென்றார். தொடரை வென்றது கிளீவ்லாந்து அணி.

எறிநரின் கை இரும்பன்று. ஒவ்வோர் எறியிலும் தோளும் முழங்கையும் தாங்கும் இழுப்பு மிகப் பெரிது. 1949இல் செயினின் தோள் நோவுற்றது. அவ்வாண்டு வெற்றி 10, தோல்வி 17. மறுவருடம் மீண்டும் 20 வெற்றி பெற்றாரேனும், முன்னைய உரம் திரும்பவில்லை. 1951 ஆகஸ்டில் பாஸ்டன் அணி அவரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்றது. அவர்க்கு ஈடாக 50,000 டாலரும் லூ பர்டெட் என்னும் இளைஞரும் கைமாறினர். ஆட்டக்காரரைப் பண்டம்போல மாற்றும் அவ்வழக்கத்தில் அவர்க்கு வருத்தம் இருந்திருக்கலாம். ஆனால் யாங்கீஸ் அணியிலே அவர் புதிய பணி ஒன்றைக் கற்றார். ஆட்டத்தைத் தொடங்கி முடிப்பவராக இருந்தவர், பிறர் தளர்ந்த வேளையில் இடையே புகுந்து காப்பவராக மாறினார். 1951, 1952, 1953 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவ்வணி உலகத் தொடரை வென்றது. 1955இல் கான்சாஸ் சிட்டி அணியோடு அவரது ஆட்ட வாழ்வு முடிந்தது. பெற்ற வெற்றி 139, தோல்வி 116.

இவ்விடத்தில் பயிற்றுநரின் பணி யாது என்பதைக் கூறுதல் வேண்டும். அணிக்குத் தலைவராக மேலாளர் ஒருவர் இருப்பார். யார் ஆடுவது, எப்பொழுது எறிநரை மாற்றுவது என்பவற்றை முடிவுசெய்பவர் அவரே. அவர்க்குத் துணையாக எறிநர்களை மட்டும் கவனிப்பவரே பந்தெறி பயிற்றுநர். ஓர் எறிநர் எத்தனை நாளைக்கு ஒருமுறை எறிவது, இடைநாட்களில் எவ்வளவு பழகுவது, பந்தை எங்ஙனம் பிடிப்பது, எந்த மட்டையாளர்க்கு எதனை எறிவது என்பனவெல்லாம் அவர் கருத்திற்கு உரியவை. ஆட்டத்தின் நடுவே எறிநர் கலங்கினால், பயிற்றுநர் மேட்டிற்கு நடந்து சென்று இரண்டொரு சொற் கூறி மீள்வார். ஒரே இன்னிங்கில் ஒரே எறிநரிடம் இரண்டாம் முறை சென்றால், அவ்வெறிநரை நீக்கியே ஆகவேண்டும் என்பது விதி. ஆகவே அந்நடை அளந்து நடக்கவேண்டிய நடை. பலர் முன்னிலையில், அரை நிமிடத்துள், நடுங்கும் ஒருவனை நிலைக்கச் செய்யும் சொல் எது என்று அவர் அறிந்திருத்தல் வேண்டும்.

அக்காலத்தில் பல அணிகள் இப்பணியை மேலாளரின் நண்பர்க்குரிய இளைப்பாறும் இடமாகவே கருதின. எறிநர்களை நாள்தோறும் களத்தைச் சுற்றி ஓடச் செய்வதே பயிற்சி என்று எண்ணியவர் பலர். 1959இல் கான்சாஸ் சிட்டியில் இப்பணியைத் தொடங்கி, 1961இல் யாங்கீஸ் அணிக்கு வந்த செயின் இக்கொள்கையை ஏற்கவில்லை. பந்தை எறிவது கையேயன்றிக் காலன்று. கை வலுப்பெற வேண்டுமானால் எறிந்து எறிந்தே வலுப்பெறும் என்பது அவர் கருத்து. ஆட்டத்திற்கும் ஆட்டத்திற்கும் இடையே கையை வாளா வைத்திராமல், மிதமான விசையுடன் அடிக்கடி எறிந்து பழகச் செய்தார்.

சுழற்சியைக் கற்பிக்க அவர் ஒரு கருவியும் அமைத்தார். கைப்பிடியுடைய ஓர் அச்சிலே சுழலுமாறு பந்தைப் பொருத்தியதே அக்கருவி. மாணவர் அதனைக் கையிற் பிடித்து விரல்களால் சுழற்றினால், எவ்வாறு திருகினால் பந்து எப்பக்கம் சுழலும் என்பது கண்முன் விளங்கும். தோளுக்கு நோவில்லை, களம் வேண்டுவதில்லை, அறையில் அமர்ந்தே பழகலாம். தந்தையாரின் பட்டறையும் கடற்படையின் வகுப்பறையும் அச்சிறு கருவியில் ஒன்றுகூடின.

ஆயினும் அவரது சிறப்பு கருவியால் வந்ததன்று. ஒவ்வொருவர் இயல்பையும் கண்டு அதற்கேற்பக் கற்பித்தலே அவர் முறை. இவ்வாறுதான் எறிதல் வேண்டும் என்று ஓர் அச்சில் அனைவரையும் வார்க்க அவர் முயன்றாரல்லர். ஆட்டத்தில் தோற்று வந்தவரை அவர் இகழ்ந்ததில்லை. கேட்டால் உரைப்பார், கேளாதவரிடத்துக் காத்திருப்பார். ஆண்டின் முடிவில் அணித் தலைமையிடம் சென்று தக்க ஊதியத்தைக் கேட்டுப் பெறுமாறும் ஊக்குவார். இறுதியிற் கூறிய இவ்வறிவுரை முதலாளிகளுக்கு இனித்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.

யாங்கீஸ் அணியில் வைட்டி ஃபோர்டு என்னும் இடக்கை எறிநர் இருந்தார். பெருந்திறலினர், எனினும் ஓராண்டேனும் 20 வெற்றி பெற்றிராதவர். முந்தைய மேலாளர் அவரை வலிய எதிரிகட்கென்றே ஒதுக்கி வைத்து, நாட்கணக்கு ஒழுங்கின்றிப் பயன்படுத்தி வந்தார். நான்கு நாளைக்கு ஒருமுறை தவறாது எறிய விருப்பமா என்று செயின் அவரை வினவினார். ஃபோர்டு உவந்து இசைந்தார். 1961இல் அவர் பெற்ற வெற்றி 25; தோல்வி நான்கே. அவ்வாண்டின் மிகச் சிறந்த எறிநர்க்குரிய சை யங் விருதும் அவர்க்குக் கிடைத்தது. கட்டளையிடாது கேட்ட ஒரு கேள்வி அத்துணைப் பயன் தந்தது.

அதே அணியின் ரால்ஃப் டெர்ரியின் நிலை வேறு. 1960ஆம் ஆண்டு உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில், கடைசி இன்னிங்கில் அவர் எறிந்த பந்தைப் பிட்ஸ்பர்க் அணியின் மாசரோஸ்கி மதிலுக்கு அப்பால் அடித்தார். தொடர் அந்த ஓரடியில் முடிந்தது. நாடு முழுதும் அறிந்த தோல்வி அது. அதன்பின் ஓர் எறிநர் மனம் உடைந்து மறைந்துபோதல் எளிது. டெர்ரியோ 1962இல் 23 வெற்றி பெற்றார். அவ்வாண்டு சான் பிரான்சிஸ்கோ அணியுடன் நடந்த உலகத் தொடரும் ஏழாம் ஆட்டம்வரை நீண்டது. அதிலும் எறிந்தவர் டெர்ரி. கடைசி இன்னிங், கணக்கு 1–0, எதிரணியின் இருவர் இரண்டாம், மூன்றாம் தளங்களில் நிற்கின்றனர், மட்டை பிடித்தவர் மெக்கோவி என்னும் வலிய வீரர். அவர் அடித்த பந்து அம்பெனப் பாய்ந்து, காவலர் ரிச்சர்ட்சனின் கையுறைக்குள் சிக்கியது. இரண்டடி விலகியிருந்தால் தொடர் கைநழுவியிருக்கும். முழுதும் செயினின் கற்பித்தலால் நிகழ்ந்தது இது என்று கூறல் மிகையாகும். வீழ்ந்தவரை மீண்டும் அதே இடத்தில் நிற்கச் செய்ததில் அவர்க்குப் பங்கு உண்டு என்று கூறல் பொருந்தும்.

1963இல் ஜிம் பூட்டன் என்னும் இளைஞர் 21 வெற்றி பெற்றார். இவர் பின்னாளில், 1970இல், பால் ஃபோர் என்னும் நூலை எழுதி ஆட்டக்காரர் வாழ்வின் மறைபொருள்களை வெளிப்படுத்தியவர். பலரைக் கேலி செய்த அந்நூலில் செயினுக்கு மட்டும் மதிப்புக் குறையவில்லை. அவ்வாண்டின் முடிவில் செயின் யாங்கீஸ் அணியை விட்டு நீங்கினார். 1965இல் மினசோட்டா ட்வின்ஸ் அணி அவரை ஏற்றது. அவ்வாண்டே அவ்வணி தன் லீக்கில் முதலிடம் பெற்றது. மறுவருடம் ஜிம் காட் என்னும் இடக்கை எறிநர் 25 வெற்றி பெற்றார்.

பயிற்றுநர் ஒருவர் இத்துணைப் பயன் விளைத்தால், அவரைப் போற்றி வைத்துக்கொள்வதே முறை என்று தோன்றும். நடந்தது வேறு. எறிநர்கள் தம் குறைகளை மேலாளரிடம் சொல்லாது செயினிடமே சொல்லினர். மேலாளர்க்கும் எறிநர்க்கும் கருத்து வேறுபட்டபோது செயின் எறிநர் பக்கமே நின்றார். அணிக்குள் மற்றோர் அணி உண்டாவதாக மேலாளர்கள் எண்ணினர். ஓரளவு அது மெய்யே. ஒரு படைக்குத் தலைவர் இருவர் இருத்தல் ஆகாது என்பதும் நியாயமான வாதமே. 1966 முடிவில் மினசோட்டா அணி அவரை நீக்கியது. 25 வெற்றி பெற்றிருந்த காட், அந்நீக்கம் பெருந்தவறு என்று இரசிகர்கட்கு வெளிப்படையாக ஒரு மடல் எழுதினார். தமக்கு ஊதியம் தரும் அணியையே எதிர்த்து ஓர் ஆட்டக்காரர் அந்நாளில் அவ்வாறு எழுதுதல் சிறிய செயலன்று. மடலால் முடிவு மாறவில்லை.

1967இல் செயின் டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்குச் சென்றார். அடுத்த ஆண்டு டென்னி மெக்லெய்ன் என்பவர் 31 ஆட்டங்களில் வென்றார். 1934க்குப் பின் எவரும் எட்டாத 30 என்னும் எல்லையைக் கடந்த செயல் அது. இன்றுவரை மற்றொருவர் அதனை எட்டவில்லை. அவ்வாண்டு இரண்டு லீக்குகளிலும் எறிநர்களின் கை மிக ஓங்கியமையால், 15 அங்குலம் இருந்த எறிமேட்டின் உயரத்தை 1969இல் 10 அங்குலமாகக் குறைத்தனர். டெட்ராய்ட் அணி உலகத் தொடரை வென்றது. வென்று ஓராண்டு நிறைவதற்குள், 1969 ஆகஸ்டில், செயின் மீண்டும் நீக்கப்பட்டார்.

1971இல் அவர்க்குச் சிகாகோ வைட் சாக்ஸ் அணியில் இடம் கிடைத்தது. மேலாளர் சக் டேனர் அவர்மேல் ஐயம் கொள்ளாதவர். ஆதலின் ஐந்தாண்டுகள் அங்கே அமைதியாகக் கழிந்தன. அவ்வணியின் வில்பர் வுட், நக்கில் பந்து என்னும் ஒருவகைப் பந்தை எறிபவர். விரல் நுனிகளால் பற்றி, ஏறத்தாழச் சுழற்சியே இன்றி எறியும் பந்து அது. காற்றில் அது தள்ளாடிச் செல்லும் நெறியை எறிந்தவரே முன்னறிய இயலாது. சுழற்சியையே வாழ்நாளெல்லாம் கற்பித்த செயின், சுழலாத பந்தின் பயனையும் உணர்ந்தார். அவ்வெறியால் தோளுக்கு வருத்தம் குறைவு. எனவே வுட் மற்றையோரினும் அடிக்கடி எறியலாம். அதுவரை இடையே புகுந்து காப்பவராக இருந்த வுட், 1972இல் 49 ஆட்டங்களைத் தொடங்கினார். 1971 முதல் 1974 வரை நான்காண்டுகளும் 20 வெற்றிக்குக் குறையவில்லை.

1973இல் மினசோட்டா அணி, இனிப் பயனில்லை என்று கருதிக் காட்டைக் கைவிட்டது. அவரைச் சிகாகோ அணி எடுத்துக்கொண்டது. ஏழாண்டுக்கு முன் ஆசிரியர்க்காக மடல் எழுதிய மாணவர், மீண்டும் அவ்வாசிரியரிடமே வந்து சேர்ந்தார். வயது 35ஐ நெருங்கியிருந்தது. பழைய விரைவு இல்லை. மட்டையாளர் ஆயத்தமாவதற்குள் பந்து வந்து சேருமாறு, எறியும் அசைவுகளைச் சுருக்கி விரைவாக்கிக்கொள்ளச் செயின் அவர்க்கு வழிகாட்டினார். பந்தின் விரைவு போனால் போகட்டும், செயலின் விரைவைக் கூட்டுக என்பது அதன் உட்கருத்து. காட் 1974இல் 21, 1975இல் 20 ஆட்டங்களை வென்றார். 1983 வரை ஆடி, மொத்தம் 283 வெற்றிகளுடன் ஓய்வு பெற்றார்.

செயினின் கை பட்டதெல்லாம் பொன்னாயிற்று என்று நினைத்தல் ஆகாது. 1977இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்குப் பயிற்றுநரானார்; அவ்வாண்டு அவ்வணி 101 ஆட்டங்களில் தோற்றது. 1985, 1986 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் அங்கே பணியாற்றியபோதும் அவ்வணி எழவில்லை. விதை இல்லாத நிலத்தில் உழவர் என் செய்வார்? எனினும் அவ்வணியின் சிறிய லீக் களங்களில் அவர் கற்பித்த நாட்கள் வீண்போகவில்லை. அங்கே லியோ மாசோனி என்பவர் இளம் எறிநர்களைப் பழக்கிவந்தார். மாசோனி பல ஆண்டுகள் சிறிய லீக்குகளில் பந்தெறிந்தும், பெரிய லீக்கில் ஒருமுறையேனும் கால் வைக்கப்பெறாதவர். அவர் செயினை அணுகி, கேட்டுக் கேட்டுக் கற்றார். ஆட்டங்களுக்கு இடையே ஒருமுறைக்கு இருமுறை எறிந்து பழகும் முறையைத் தமதாக்கிக்கொண்டார்.

1990இல் மாசோனி அட்லாண்டா அணியின் பந்தெறி பயிற்றுநரானார். டாம் கிளாவின், ஜான் ஸ்மோல்ட்ஸ், பின்னர் வந்து சேர்ந்த கிரெக் மேடக்ஸ் ஆகியோர் அவர்பால் பழகினர். 1991க்கும் 1998க்கும் இடையே அவ்வணியின் எறிநர்கள் ஆறுமுறை சை யங் விருது பெற்றனர். 1991 முதல் 2005 வரை, வேலைநிறுத்தத்தால் ஆட்டங்கள் பாதியில் நின்ற 1994ஆம் ஆண்டு நீங்கலாக, ஆண்டுதோறும் அவ்வணி தன் பிரிவில் முதலிடம் பெற்றது. செயின் தம் முதுமையில் இவற்றையெல்லாம் கண்டார்.

இந்நாளில் பயிற்றுநரின் தொழில் பெரிதும் மாறிவிட்டது. பந்தின் விரைவையும், ஒரு நிமிடத்தில் அது சுழலும் எண்ணிக்கையையும் கருவிகள் உடனுக்குடன் அளந்து காட்டுகின்றன. 2015 முதல் பெரிய லீக்கின் களங்கள் அனைத்திலும் அவை அமைந்துள்ளன. கண்ணுக்குத் தோன்றாத விரல் அசைவையும் விரைவுப் படக்கருவி பிடித்துக் காட்டுகின்றது. தொழில்முறையில் ஒருநாளும் பந்தெறியாதவர்களும், அளவுகளைக் கற்று ஆராய்ந்து, இப்பணிக்கு வருகின்றனர். ஓர் ஆட்டத்தில் மேட்டிற்கு நடந்து செல்லும் முறைகளின் எண்ணிக்கைக்கும் 2018 முதல் வரம்பு உண்டு. அச்சில் பொருத்திய பந்தைக் கையிற் கொடுத்து, சுழற்றிப் பார் என்று செயின் கூறியதும், இன்று திரையில் எண்களைக் காட்டிக் கூறுவதும் ஒரே செய்தியைத்தான்.

செயின் 2006ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் இல்லினாய் மாநிலத்தில் காலமானார். அந்நாள் ஜிம் காட்டின் 68ஆம் பிறந்தநாளாக அமைந்தது. 2022இல் கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் காட்டின் உருவம் பொறித்த பட்டயம் இடம்பெற்றது. ஃபோர்டு, ஸ்பான், கிளாவின், மேடக்ஸ், ஸ்மோல்ட்ஸ் ஆகியோரின் பட்டயங்களும் அங்கே உள்ளன. ஆட்டக்காரர்க்கும் மேலாளர்க்கும் நடுவர்க்கும் நிர்வாகிகட்கும் அம்மண்டபத்தில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. பயிற்றுநர் என்று ஒரு பிரிவு அங்கே இல்லை.